மச்சாள் துடைத்த உவர்ப் புள்ளிகள்

என் மச்சாள், அண்ணையின் மனைவி, ஆட்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறார். எங்கள் தீவில் வான் ஓட்டும் பெண்கள் இன்றைக்கும் அதிகம் இல்லை. அவர் தொடங்கியபோது நான் அறிய ஒருவருமே இல்லை.

அதற்கு முன் அந்த வானை ஓட்டியவர் அண்ணை. முதுகில் சத்திரசிகிச்சை நடந்து, குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நெடுநேரம் ஒரே இருப்பில் இருக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய பிறகு வான் வீட்டு வளவுக்குள் சும்மா நின்றது. விற்றுவிடுவோமா என்று அண்ணை கேட்டார். மச்சாள் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த கிழமை யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சாரதிப் பயிற்சிக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வந்துதான் வாயைத் திறந்தார்.

"நான் நெடுந்தீவில பிறந்தனான். காத்துக்கும் அலைக்கும் நடுவில வள்ளம் விடுறவையோட வளர்ந்தனான். றோட்டில நேராப் போற ஒண்டை ஓட்ட எனக்கு ஏலாதோ?"

அண்ணை சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் அதே வளவின் மறுகரையில் உள்ள வீட்டில் இருக்கிறேன். வேலணையில் ஒரு வங்கிக் கிளையில் வேலை. காலையில் நான் கூந்தலைப் பின்னிக்கொண்டு நிற்கும்போதே மச்சாளின் வான் சரவணை ஊர்ப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிற சனம், நயினாதீவுக்குப் போகவென்று குறிகட்டுவான் துறைக்குப் போகிற சனம். வான் கறுநீல நிறம். நன்றாகக் கழுவி விட்டால் மழைக்கால வானம் போல இருக்கும். மச்சாள் அதைப் பாடசாலைப் பிள்ளையை வெளிக்கிடுத்துவது மாதிரித்தான் ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுத்துவார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிட்டார். அவரும் என்னை மச்சாள் என்றுதான் அழைப்பார். சோளகம் என்கிற தென்மேல் காற்று வீசத் தொடங்கிச் சில கிழமைகள் ஆகியிருந்தன. கிணற்றில் தண்ணீர் கீழே போய், வழக்கத்தைவிட உவர்த்துக் கிடந்தது.

"மச்சாள், இஞ்ச ஒருக்கா வாரும். இதில கையை வைச்சுப் பாரும்."

வானின் இடப்பக்கத்தில், ஆட்கள் ஏறி இறங்கும் இழுவைக் கதவில் கையை வைத்தேன். அரிசிமாவைத் தூவிக் காயவிட்டது போலச் சொரசொரவென்று இருந்தது. சரிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கதவு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓரத்தில் ஒரு தடித்த வளையம், நடுவில் மங்கல். முன்கதவிலும் அப்படியே. பின்பக்க மூலை வரைக்கும் அப்படியே.

"அழுக்கோ?"

"அழுக்கெண்டால் போகுமே. ஷாம்பு போட்டு உரஞ்சிப் போட்டன். ஈரமாய் இருக்கேக்க ஒண்டும் தெரியேல்லை. காய்ஞ்ச உடன திரும்பி வந்து நிக்குது."

மற்றப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே ஒன்றுமில்லை. மச்சாள் கையைத் துடைத்தார். கடலைக் கடக்கும் பாலத்தில் அடிக்கிற காற்றின் உப்பென்றால் இரண்டு பக்கமும் அல்லவா பிடித்திருக்க வேண்டும் என்றார்.

விடை அடுத்த நாள் காலையிலேயே கிடைத்தது. நான் தேத்தண்ணியோடு அவர் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணை மோட்டருக்கான சுவிட்சைப் போட்டார். கத்தரிப் பாத்தியின் நடுவே நட்டிருந்த தெளிப்பான் சுழலத் தொடங்கியது. ஆஸ்பத்திரியால் வந்து சில மாதங்களின் பின் அண்ணை தானாகவே குழாய் வாங்கிப் பூட்டி அமைத்தது அது. வாளி தூக்காமல், குனியாமல், ஒரு சுவிட்சில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் விடலாம். அது சுழலும் நேரமெல்லாம் அவர் இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பார். பிடுங்கிய கத்தரிக்காயில் அரைவாசியை அயலுக்குக் கொடுப்பார். அந்த நேரத்தில் அவர் நோயாளி இல்லை, தோட்டக்காரன்.

தெளிப்பான் எங்கள் பக்கம் திரும்பியபோது சோளகம் அந்தத் தண்ணீரின் மெல்லிய தூறலை அள்ளிக்கொண்டு போனது. வெயிலில் அது புகை போலத் தெரிந்தது. போய் விழுந்த இடம் வானின் இடப்பக்கம். தகரம் ஏற்கெனவே சூடேறி இருந்ததால் விழுந்த துளிகள் நாங்கள் பார்த்திருக்கவே காய்ந்தன. தண்ணீர் போய்விட, அதிலிருந்த உவர் மட்டும் பெயின்றில் தங்கிவிட்டது. வான் வளவில் நின்ற காலைகளில் எல்லாம் இது நடந்திருக்கிறது.

"அண்ணை!" என்று கூப்பிட வாயெடுத்தேன். மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாதையும்."

"ஏன்?"

"சொன்னால் இப்பவே அதைக் கழட்டிப் போடுவார். பேந்து காலமை எழும்பி என்ன செய்வார்? கதிரையில இருந்து கூரையைப் பார்ப்பார்." பிறகு குரலைத் தணித்து, "வானை வேற இடத்தில விட்டால் காணும்," என்றார்.

அன்று பின்னேரம் வான் வளவின் மறுமூலையில் புளியமரத்தின் கீழ் நின்றது. அண்ணை ஏன் என்று கேட்டார்.

"அங்கை வெயில் கூட. இஞ்ச நிழல்."

"புளியில காகம் இருக்குதப்பா. எச்சம் போடும்."

"போட்டால் துடைக்கிறன்."

காகங்களும் ஏமாற்றவில்லை. நாளாந்தம் எச்சம் போட்டன. மச்சாள் முகத்தைச் சுளிக்காமல் துடைத்தார்.

இனிமேல் புள்ளி விழாது. விழுந்ததை எடுக்க வேண்டும். அதற்குத் தவணையும் இருந்தது. என்னோடு வங்கியில் வேலை செய்யும் பிள்ளைக்குக் கலியாணம். இறுப்பிட்டிக்காரி. தாலிகட்டு நயினாதீவில் கோயிலில். பொம்பிளை வீட்டாரை இறுப்பிட்டியிலிருந்து குறிகட்டுவானுக்கு ஏற்றிப்போக வான் வேண்டுமென்றபோது, எங்கள் மச்சாளின் வானைச் சொன்னது நான்தான். வடிவான வான் என்று வேறு சொல்லியிருந்தேன்.

மச்சாள் முதலில் ஊர்காவற்றுறையில் ஒரு கராஜில் காட்டினார். கராஜ்காரர் நகத்தால் ஒரு புள்ளியைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் முழுக்கத் திரும்பப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்றார். அதற்கு நாள் எடுக்கும். அவ்வளவு நாளும் பிள்ளைகளை யார் ஏற்றுவது? கிளம்பும்போது அவர் ஒரு யோசனையும் சொல்லி அனுப்பினார்.

"அக்கா, கக்கூஸ் கழுவுற அசிற் இருக்கெல்லே, அதைத் தொட்டுப் பாருங்கோ. வெள்ளை எல்லாம் பறந்திடும்."

நானென்றால் வந்தவுடன் கதவில் தடவியிருப்பேன். மச்சாள் அப்படிச் செய்யவில்லை. வேலியோரம் எப்போதோ கழற்றிப் போட்ட மட்காட் ஒன்று கிடந்தது. அதைக் கழுவி எடுத்து, ஒரு மூலையில் அசிற்றைத் தொட்டு வைத்துவிட்டு இரவுச் சமையலைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால் அந்த இடத்தின் மினுக்கம் செத்துப் போயிருந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டது போல ஒரு மங்கல். எவ்வளவு துடைத்தும் அது போகவில்லை.

"வெள்ளையும் பறக்கும், பெயின்றும் பறக்கும்," என்றார். போத்தலை மூடி எட்டாத இடத்தில் வைத்தார். அன்றிலிருந்து அந்த மட்காட் குசினி வாசலில் நின்றது. எதையும் முதலில் அதில்தான் பார்த்தார்.

வினாகிரி யோசனை வந்தது குசினியில்தான். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் போலப் பிடிக்கும். புளிப்பான தேசிக்காய்த் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்து மச்சாள் அதை எடுப்பது வழக்கம். ஒரு நாள் அப்படி எடுத்துக்கொண்டிருந்தவர் கேத்திலைக் கையில் பிடித்தபடியே என் வீட்டுக்கு வந்தார்.

"மச்சாள், இதுக்குள்ள இருக்கிற வெள்ளையும் வானில இருக்கிற வெள்ளையும் ஒரே கிணத்தால வந்ததுதானே? இது புளிக்குப் போகுதெண்டால் அதுவும் போகத்தானே வேணும்?"

அதுவும் புளிதானே என்று வினாகிரியில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து மட்காட்டில் பார்த்தார். மினுக்கம் அப்படியே இருந்தது. பிறகு வானில், பெற்றோல் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தில் பார்த்தார். அதுவும் நல்லாக இருந்தது. அதன் பிறகுதான் கதவுக்கு வந்தார். பின்னேரம், தகரம் ஆறிய பிறகு, பழைய துவாய்த் துண்டொன்றை வினாகிரித் தண்ணீரில் நனைத்துக் கதவில் ஒட்டினாற்போல விரித்து வைத்தார். சற்றுப் பொறுத்து எடுத்து மெல்லத் துடைத்தார். துவாய் இருந்த இடம் மட்டும் கறுநீலமாய், வழவழவென்று தெரிந்தது. நான் கைதட்டியேவிட்டேன்.

அவசரப்பட்டுவிட்டேன். வினாகிரி போகவென்று கிணற்றுத் தண்ணீரால் கழுவினோம். வாளியை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் சோளகம் அதைக் காய வைத்தது. துடைத்த இடத்தில் புதிதாகப் புள்ளிகள்.

எனக்கு அழுகை வராத குறை. மச்சாள் மட்டும் ஏதோ புதினத்தைப் பார்ப்பது போல அந்தப் புள்ளிகளைப் பார்த்தார்.

"பார்த்தீரோ, எவ்வளவு கெதியா வருதெண்டு? அப்ப எடுக்கிறதைவிடக் கழுவுறதுதான் பெரிய வேலை."

நல்ல தண்ணீர் வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வருகிறது. வாசலில் இரண்டு பெரிய தண்ணீர்ப் பரல் நிறைய இருந்தது. நான் அதைக் காட்டினேன். மச்சாள் தலையை ஆட்டி மறுத்தார்.

"குடத்தோட வரிசையில நிக்கிற சனம் இருக்கிற ஊரில அதை வானுக்கு ஊத்த எனக்கு மனமில்லை."

மழைக்கு இன்னும் மாதக்கணக்கு இருந்தது. பற்றரிக்கு விடுகிற தண்ணீர் சுத்தமானது, அதில் கறை பிடிக்காது என்பது மச்சாளுக்குத் தெரியும். ஆனால் அது சின்னப் போத்தலில் வருவது, வினாகிரியில் கலக்கத்தான் காணும். அப்போதுதான் எனக்கு வங்கியின் பின்பக்கம் நினைவு வந்தது. ஏசியின் குழாயிலிருந்து பகல் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீரானது அது, கிணற்றோடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை.

ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மச்சாள் அதையும் நம்பிவிடவில்லை. அலுமாரிக்குள் இருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து வெயிலில் கிடத்தினார். கிணற்றுத் தண்ணீரில் ஒரு சொட்டு, பவுசர்த் தண்ணீரில் ஒரு சொட்டு, பற்றரித் தண்ணீரில் ஒரு சொட்டு, ஏசித் தண்ணீரில் ஒரு சொட்டு. இரண்டு பேரும் குந்தியிருந்து அவை காய்வதைப் பார்த்தோம். கிணற்றுச் சொட்டு தடித்த வெள்ளை வளையமாய்க் காய்ந்தது. பவுசர்ச் சொட்டு நூல் போன்ற வளையத்தை விட்டது. மற்ற இரண்டும் இருந்த இடமே தெரியவில்லை.

"இனிப் பயமில்லை," என்று சொல்லிவிட்டு மச்சாள் கண்ணாடியைத் துடைத்தார். எனக்கு அந்தக் கணத்தில் அவர் மீது வந்த மரியாதையை இன்றைக்கும் நினைக்கிறேன். எத்தனையோ வருடமாக நான் அந்தத் தண்ணீரைக் கடந்து சாப்பிடப் போய் வந்திருக்கிறேன். அது நினைவில் இருந்தது நல்லதுதான். ஆனால் நம்பிக்கைக்கும் நிச்சயத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடியைக் கிடத்திப் பார்க்கிற பொறுமை எனக்கு வராது.

அன்றிலிருந்து ஏசிக் குழாயின் கீழ் ஒரு பிளாஸ்ரிக் கான் இருந்தது. மனேஜரிடம் கேட்டேன். வீணாய்ப் போகிற தண்ணீர்தானே, கொண்டு போங்கள் என்றார். வங்கிக் காவலாளி அண்ணைக்குத்தான் சந்தேகம்.

"தங்கச்சி, உதைக் குடிக்கிறனீங்களோ?"

"இல்லை அண்ணை, வான் கழுவ."

"வானுக்கோ! எங்கட வீட்டில மனுசருக்கே உவர்த்தண்ணி."

அப்படிச் சொல்லிச் சிரித்தவர்தான், பிறகு கான் நிறையும் நேரம் பார்த்து மற்றக் கானை மாற்றி வைத்தவரும். வேலை முடிந்து போகையில் என் ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் கானைத் தூக்கி வைத்துவிடுவார். சிந்தாமல் போக வேண்டுமே என்று நான் மெதுவாக ஓட்டுவேன்.

பின்னேரங்களில் மச்சாள் வேலையைத் தொடங்குவார். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போவார். முழுக் கதவையும் ஒரேயடியாகச் செய்ய மாட்டார். ஒரு துவாய்த் துண்டின் அளவு இடம். நனைத்து விரிப்பார், காயவிடாமல் எடுப்பார், ஏசித் தண்ணீரால் கழுவுவார், அடுத்த நொடியே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பார். பிறகு புறங்கையால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை வேலை செய்து தடித்துப் போனது, புறங்கைக்குத்தான் சொரசொரப்புத் தெரியும் என்பார். தடவிப் பார்த்துத் திருப்தி இல்லையென்றால் அதே இடத்தைத் திரும்பவும் செய்வார். நான் தண்ணீர் ஊற்றுவேன். அந்த நேரங்களில் நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. நெடுந்தீவில் தன் தகப்பன் மாட்டைக் குளிப்பாட்டுகிற விதத்தை ஒருநாள் சொன்னார். மாடு உதைக்கும், வான் உதைக்காது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார்.

முன்கதவு முடிந்து இழுவைக் கதவின் மேற்பாதிக்கு வந்திருந்தோம். ஒரு விடுமுறை நாள் காலையில் நாங்கள் இருவரும் குசினியில் இருந்தபோது அண்ணை உள்ளே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"இஞ்சாரும், இதைப் பாரும்."

கண்ணாடியின் ஒரு பக்கத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். வான் முன்பு நின்ற இடத்தில் நின்று தோட்டத்தைப் பார்த்திருக்கிறார். தூறல் முகத்தில் பட்டிருக்கிறது. துடைக்காமல் விட்டிருக்கிறார், காய்ந்திருக்கிறது.

மச்சாள் அடுப்பைக் குறைத்தார்.

"நான்தான் வானைப் பழுதாக்கினனான், என்ன?"

"வான் பழுதாகேல்லை."

"உமக்குத் தெரியும். அதுதான் புளிக்குக் கீழ விட்டனீர். ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் அதைக் கழட்டிப் போடுவியள்." மச்சாள் திரும்பி அவரைப் பார்த்தார். "வானைத் துடைக்கலாம். நீங்கள் திரும்பப் போய்க் கதிரையில இருந்தால் உங்களை நான் என்னத்தாலை துடைக்கிறது?"

நான் கறிவேப்பிலையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு மேலேயே கிள்ளிவிட்டேன். அண்ணை கண்ணாடியைச் சேர்ட்டால் துடைக்கப் பார்த்தார். மச்சாள் அதை வாங்கி, வினாகிரித் துணியால் ஒற்றி, போத்தலில் மிச்சமிருந்த ஏசித் தண்ணீரைச் சொட்டவிட்டு, உலர்த்திக் கொடுத்தார். அண்ணை அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மோட்டர் நின்ற சத்தம் கேட்டது.

மச்சாளின் முகம் விழுந்துவிட்டது. நாங்கள் இருவரும் யன்னலால் எட்டிப் பார்த்தோம். அண்ணை தெளிப்பானைக் கழற்றி வீசவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவரைக் கொண்டு அதன் குழாய்த் தண்டைக் கழற்றி, பாதியாய் வெட்டி, கத்தரிச் செடியின் உயரத்துக்குப் பதித்து நடுவித்தார். பிறகு சுவிட்சைப் போட்டு, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் பாத்தியை விட்டு வெளியே போகவில்லை. இடுப்பில் கை வந்தது. மச்சாள் அடுப்பைத் திரும்பக் கூட்டினார்.

அன்று பின்னேரம் நாங்கள் புளியமரத்தடிக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒரு கதிரை இருந்தது, கதிரையில் அண்ணை இருந்தார்.

"கீழ்ப் பக்கம் நீர் குனிஞ்சு செய்யிறீர். நான் இருந்து செய்தால் எனக்கு நேரே வரும். தாரும் துணியை."

இழுவைக் கதவின் கீழ்ப்பாதி அவருடையதாயிற்று. கொஞ்ச நேரம் இருப்பார், எழும்பி நடப்பார், திரும்ப வந்து இருப்பார். வினாகிரிக்குப் போகாமல் பெயின்றுக்குள் இறங்கிவிட்ட வளையங்கள் சில இருந்தன. அவற்றுக்கென்று யாழ்ப்பாணத்தில் வாகனப் பெயின்ற் கடையொன்றில் தேய்க்கிற பொலிஷ் ஒரு சின்ன ரின் வாங்கி வந்தோம். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, பொலிஷை மிளகளவு தொட்டு, சின்னச் சின்ன வட்டமாய்த் தேய்க்க வேண்டும். அது அண்ணைக்கு நன்றாகக் கைவந்தது. முன்பு என்ஜின் சத்தத்தைக் கேட்டே பிழை சொல்கிறவர் அவர். அந்தக் கவனம் விரல் நுனிக்கு வந்திருந்தது. மேலே மச்சாள், கீழே அண்ணை. சில நேரம் ஒருவர் தண்ணீர் மற்றவர் தலையில் சொட்டும், சின்னச் சண்டை வரும்.

யன்னலுக்குக் கீழே ஒரு கை நீளத்துக்கு ஆழமாய் இறங்கிய சில வளையங்கள் மட்டும் மிஞ்சின. இன்னும் தேய்க்கலாம் என்றார் அண்ணை. மச்சாள் துணியை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"காணும். பெயின்ற் மெல்லிசு. இதைத் துடைக்கப் போய்த் தகரத்தைக் காண ஏலாது. இருக்கட்டும்."

கடைசியாய் மெழுகு பூசி மினுக்கி நிறுத்தியபோது நாங்கள் மூவரும் தள்ளி நின்று பார்த்தோம். புளியமரத்தின் கிளைகள் கதவில் தெரிந்தன. அண்ணை மேலே பார்த்து, காகத்தைக் கைதட்டிக் கலைத்தார்.

கலியாணத்தன்று நானும் வானில் போனேன். இறுப்பிட்டியில் பொம்பிளை வீட்டாரை ஏற்றினோம். குறிகட்டுவானுக்குப் போய்ச் சேர்ந்தபோது துறையில் காற்று ஆளைத் தள்ளியது. படகுக்கு ஆயத்தம் நடந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கதவை இழுத்துச் சாத்தியபோது பொம்பிளையின் தாய் ஒரு கணம் நின்றார். கறுநீலக் கதவில் தன்னைக் கண்டுவிட்டார். காற்றுக் கலைத்த தலையை ஒதுக்கி, கொண்டைப் பூவைச் சரிசெய்து, சேலை மடிப்பைக் குனிந்து பார்த்து இழுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் பொம்பிளையின் தங்கச்சிக்காரி வந்து நின்றார். பிறகு பொம்பிளையையும் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தி நெற்றிச்சுட்டியை நேராக்கினார்கள். கதவு அவர்களுக்கு ஆளுயரக் கண்ணாடியாயிற்று.

மச்சாள் ஓட்டுநர் இருக்கையில் அசையாமல் இருந்தார். இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். பக்கக் கண்ணாடியால் அவர்களைப் பார்த்துக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்தார்.

"இஞ்சாருங்கோ. ஓம், வந்து சேந்திட்டம். ஒண்டுமில்லை, சும்மா எடுத்தனான். பொம்பிளையின்ர தாய் உங்கட பாதியைப் பார்த்துச் சேலை திருத்துறா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "இல்லை, என்ர பாதியில தலை ஒதுக்கினவ. ரெண்டும் நல்லாத் தெரியுதாம்."

படகு போன பிறகு நாங்கள் துறையடிக் கடையில் பிளேன்ரீ குடித்தோம். மச்சாள் குடித்து முடித்த கையோடு சீற்றுக்குக் கீழிருந்து துணியை எடுத்து, கதவில் பதிந்திருந்த கைரேகைகளை ஒற்றி எடுத்தார். பின்னேரம் படகு திரும்பி வரும்போது வான் புதிதாய் நிற்க வேண்டும் என்றார்.